பதற்றம் பெருக்கும் பெட்ரோல் தட்டுப்பாடு

அமெரிக்காவின் கிழக்குக் கரையோர எரிபொருளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைக் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்வழி, கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் இணையத் தாக்குதலால் 2021 மே 7 அன்று நிறுத்தப்பட்டபோது, விலை உயரும், பெட்ரோல் கிடைக்காது என்ற பேச்சு பரவி, மக்கள் பெட்ரோல் நிலையங்களில் குவிந்தனர். நிலத்தடித் தொட்டிகள் வழக்கமான விற்பனையைக் கணக்கிட்டே நிரப்பப்படுவதால், அவசரத் தேவை இல்லாதவர்களும் ஒரே நாளில் வரிசையில் நின்றால் அவை விரைவில் காலியாகிவிடுகின்றன. மூடிய நிலையத்தைக் காண்போர் வதந்தியை உண்மையென நம்பி மேலும் விரைகின்றனர்.

இவ்வாறே வட கரோலினா மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட நிலையங்களில் பெட்ரோல் தீர்ந்தது. எளிதில் தீப்பற்றும் அப்பொருளைப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்ப வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்க நேர்ந்தது. மே 12 அன்று குழாய்வழி மீண்டும் இயங்கத் தொடங்கிய பின்னரும் தட்டுப்பாடு உடனே நீங்கவில்லை. ஆகவே, வதந்தி பரவும் வேளையில் தேவைக்கு மட்டும் வாங்குவது ஒவ்வொருவரின் பொதுக்கடமையாகும்.