எலும்பு: இயக்கமும் இயக்குநீரும்

நுழையும்முன்

இளமையில் எலும்பைப் பற்றி எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விளையாட்டில் விழுந்து கை முறிந்தால்தான் அதன் நினைவு வருகிறது. ஆயினும், எழுபது வயதில் ஒருவர் நிமிர்ந்து நடப்பதற்கும், சிறு தடுமாற்றத்திலேயே இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்வதற்கும் உள்ள வேறுபாட்டின் அடித்தளம் இளமையிலேயே இடப்படுகிறது. அந்த அடித்தளத்தை இடுபவை இரண்டு. ஒன்று, உடலின் இயக்கம். மற்றொன்று, ஹார்மோன் எனப்படும் இயக்குநீர்.

உயிருள்ள கட்டடம்

எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் அன்று. கொலாஜன் என்னும் புரத இழைகளின் மீது கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் உப்புகள் படிந்து உருவான உயிருள்ள திசு அது. இழைகள் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகின்றன. உப்புகள் உறுதியைத் தருகின்றன. உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ளது.

இக்கட்டடத்தில் இடிப்பதும் கட்டுவதும் வாழ்நாள் முழுவதும் நடைபெறுகின்றன. எலும்பரிப்புச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்து நீக்குகின்றன. எலும்பாக்கச் செல்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை இட்டு நிரப்புகின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்புத் தொகுதியில் ஆண்டுதோறும் சுமார் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. வரவு மிகுந்தால் எலும்பு வலுப்பெறும். செலவு மிகுந்தால் உள்ளே நுண்துளைகள் பெருகி, எலும்பு நொய்ந்துபோகும். இந்நிலையே எலும்புப்புரை நோய். இதில் வலி தோன்றுவது அரிது. பலருக்கு முதல் அறிகுறியே எலும்பு முறிவுதான்.

சுமையறியும் எலும்பு

எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்னும் கருத்தை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அதன் உண்மையை டென்னிஸ் வீரர்களிடம் காணலாம். மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மறு கையின் எலும்பைவிடத் தடித்து, வலுவுற்றிருக்கிறது. உணவும் குருதியும் இரு கைகளுக்கும் ஒன்றே. உழைப்பு மட்டுமே வேறு.

இதன் மறுபக்கத்தை விண்வெளி காட்டுகிறது. எடையற்ற நிலையில் மாதக்கணக்கில் வாழும் விண்வெளி வீரர்களின் கால்களும் இடுப்பும் சுமை தாங்குவதில்லை. அதனால் அவர்களுடைய இடுப்பெலும்பின் அடர்த்தி மாதந்தோறும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையக்கூடும். இவ்விழப்பைத் தடுக்கவே அவர்கள் நாள்தோறும் சுமார் இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி செய்கின்றனர்.

சுமையை எலும்பு எவ்வாறு அறிகிறது? எலும்பினுள் புதைந்துள்ள செல்கள் நுண்ணிய கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. எலும்பு அழுத்தப்படும்போது கால்வாய்களிலுள்ள நீர்மம் நகர்கிறது. அவ்வசைவை உணரும் செல்கள், எலும்பாக்கத்தைத் தடுத்துவைக்கும் ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. தடை விலகவே, எலும்பாக்கப் பணி விரைவுபெறுகிறது.

ஆதலால், எல்லாப் பயிற்சியும் எலும்புக்கு ஒரே பயனைத் தருவதில்லை. நீச்சலும் மிதிவண்டிப் பயிற்சியும் இதயத்திற்கு மிக நல்லவை. ஆனால், உடலின் எடையை நீரும் இருக்கையும் தாங்கிக்கொள்வதால் எலும்பு பெறும் தூண்டுதல் குறைவு. ஓடுதல், குதித்தல், கயிறு தாண்டுதல், கபடி, கைப்பந்து, எடை தூக்குதல் போன்றவை எலும்பை நேரடியாகத் தூண்டுகின்றன. நொண்டியடித்து ஆடும் பாண்டியாட்டமும் அத்தகையதே.

இயக்குநீரின் ஆணை

சுமை, அது விழும் இடத்தில் மட்டும் எலும்பை வளர்க்கிறது. இயக்குநீர் குருதியில் கலந்து எலும்புத் தொகுதி முழுவதையும் ஆள்கிறது. அவற்றுள் முதன்மையானது ஈஸ்ட்ரோஜன். இது எலும்பரிப்புச் செல்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைவதால் அக்கட்டுப்பாடு தளர்கிறது. அதையொட்டிய சில ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு குறைகிறது. மாதவிடாய் நின்ற பின் தோன்றும் எலும்புப்புரைக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துரைத்தார்.

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டும் உரியது என்று கருதுவது பிழை. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டீரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994ஆம் ஆண்டு, 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய மருத்துவ ஆய்வு வெளியானது. மரபணுப் பிறழ்வால் அவருடைய உடல் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் ஆற்றலை இழந்திருந்தது. டெஸ்டோஸ்டீரோன் இயல்பான அளவில் இருந்தும் அவருடைய எலும்புகள் நொய்ந்திருந்தன. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடாமையால் 204 சென்டிமீட்டர் உயரத்தை எட்டிய பின்னரும் அவர் வளர்ந்துகொண்டிருந்தார். ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

மருந்தாகும் இயக்குநீர்

குறைவதை ஈடுசெய்தால் எலும்பு காக்கப்படும் அல்லவா? காக்கப்படுகிறது, ஆனால், அதற்கு விலையும் உண்டு. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் இணைந்த மருந்து ஆராயப்பட்டது. மருந்து உட்கொண்டோரிடம் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனினும், பிற தீமைகள் மிகுந்தமையால் 2002ஆம் ஆண்டில் அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு அம்மருந்தை உட்கொண்டால் இடுப்பெலும்பு முறிவுகள் 5 குறையும். மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், இதயநோய் நிகழ்வு 7 பேருக்கும் கூடுதலாக ஏற்படும் என்று அவ்வாய்வு கணக்கிட்டது.

இதைக் கொண்டு அம்மருந்தே கூடாது என்று முடிவுசெய்தல் பொருந்தாது. அறுபது வயதுக்கு உட்பட்டோர்க்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் ஆகாதோர்க்கும் தீமை குறைவு எனப் பின்னர் நடந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு காலம் என்பதை மருத்துவரே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

அளவு மீறினால்

ஆஸ்துமா, மூட்டழற்சி முதலியவற்றுக்குத் தரப்படும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்டால் எலும்பாக்கம் குன்றும். எனினும், நோயாளி தாமாகவே அவற்றைத் திடீரென நிறுத்துவது பேராபத்து. தசையைப் பெருக்குவதற்காகச் சிலர் மறைவாகப் பயன்படுத்தும் ஆண்மை இயக்குநீர் ஊசிகளோ வளரும் பருவத்தினருக்கு வேறொரு கேட்டைச் செய்கின்றன. அவை வளர்ச்சித் தட்டுகளை உரிய காலத்திற்கு முன்பே மூடச்செய்து, உயரத்தை நிலையாகத் தடுத்துவிடக்கூடும்.

பயிற்சியும் அளவு மீறலாகாது. உடல் மெலிய வேண்டும் என்று உணவைக் குறைத்துக்கொண்டு கடும்பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதுண்டு. ஆற்றல் போதாமையால் உடல் ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். அந்நிலையில், எலும்பை வளர்க்க வேண்டிய ஓட்டமே எலும்பில் விரிசலை உண்டாக்குகிறது. மாதவிடாய் தவறுவதைக் களைப்பென்று கருதி மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவதே அறிவுடைமை.

இரண்டும் இணையும் இடம்

இயக்குநீர் எலும்பின் செலவைக் கட்டுப்படுத்துகிறது. இயக்கம் வரவைப் பெருக்குகிறது. ஒன்றின் பணியை மற்றொன்று முழுமையாகச் செய்துவிட இயலாது. மேலும், பயிற்சி தசையையும் உடற்சமநிலையையும் வளர்த்து, விழாமலே காக்கிறது. முதுமையிலும் இதற்குப் பயனுண்டு. எலும்படர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடம் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினர் வல்லுநர் மேற்பார்வையில் வாரம் இருமுறை, அரைமணி நேரம் கடும் எடைப் பயிற்சி செய்தனர். எட்டு மாத முடிவில் அவர்களுடைய கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு உயர்ந்தது. வீட்டில் எளிய பயிற்சி செய்த மற்றப் பிரிவினர்க்கோ 1.2 விழுக்காடு குறைந்தது.

ஆயினும், முதுமையில் பெறுவது சிறிதளவே. ஒருவர் வாழ்நாளில் அடையக்கூடிய உச்ச எலும்பு நிறையில் 90 விழுக்காடு வரை பெண்களுக்கு 18 வயதிலும் ஆண்களுக்கு 20 வயதிலும் சேர்ந்துவிடுகிறது. பருவ வயதின் இயக்குநீர்ப் பெருக்கும் விளையாட்டும் ஒருங்கே வாய்க்கும் காலம் இதுவே. பால், கேழ்வரகு, கீரை, சிறுமீன் ஆகிய உணவுகளும் வெயிலும் இக்கட்டுமானத்திற்கு வேண்டிய பொருள்களைத் தருகின்றன. தேர்வுக்காக விளையாட்டு நேரத்தை முற்றிலும் துறக்கும் மாணவர், பின்னாளில் எளிதில் ஈட்ட முடியாத செல்வத்தை இழக்கின்றார். பதினோராம் வகுப்பில் பயில்வோர்க்கு அச்சேமிப்பின் வாயில் இன்னும் திறந்தே இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் ஆடப்படும் விளையாட்டுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் எலும்புக்குச் சுமை தருவன எவை எனக் காரணத்துடன் எழுதுக.
2. ஒரு மருந்தின் நன்மை தீமைகளை விழுக்காட்டில் கூறுவதற்கும், 10,000 பேரில் எத்தனை பேர் எனக் கூறுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழுவில் கலந்துரையாடுக.