கம்பியில்லா இணையமும் அலைவீச்சு வரம்பும்

கிராம முன்னேற்றத்தில் தொலைத்தொடர்பு இன்று சாலைக்கும் மின்சாரத்திற்கும் இணையான இடத்தைப் பெற்றுள்ளது. கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழும் மலையாளமும் வழங்கும் பாறசாலை போன்ற எல்லைக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. வை-ஃபை கருவிகளும் கைபேசிக் கோபுரங்களும் வீசும் அலைகள் உடலுக்குத் தீங்கு தருமோ என்ற வினா நியாயமானதே. அதற்கு அளவுகளைக் கொண்டே விடை காணவேண்டும்.

இவ்வலைகளுக்கு, எக்ஸ் கதிர்களைப்போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் இல்லை. அளவு மிகுந்தால் திசுக்களைச் சூடாக்குவதே உறுதிப்பட்ட விளைவாகும். 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இவற்றை 2பி பிரிவில் சேர்த்தது. தீங்கு மெய்ப்பிக்கப்பட்டதென்பது இதன் பொருளன்று; சான்று குறைவாயினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை என்பதே பொருள்.

இந்தியா முன்னெச்சரிக்கையாக, 2012 செப்டம்பர் 1 முதல், கோபுர அலைகளுக்குச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதித்து வந்தது. 900 மெகாஹெர்ட்ஸில் இது சதுர மீட்டருக்கு 0.45 வாட், 2,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 1 வாட் என இருந்தது. வீட்டு வை-ஃபை கருவியின் திறன் பொதுவாக 0.1 வாட் அளவினது. அது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், 1 மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.008 வாட், 2 மீட்டரில் அதிலும் கால் பங்கே. அந்தக் கோபுர வரம்போடு ஒப்பிட்டால் இது நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு.

உடலை ஒட்டியிருப்பது கைபேசியே. அதற்கு, 1 கிராம் திசுவின் சராசரியாக, கிலோகிராமுக்கு 1.6 வாட் என்பது வரம்பு. மேடும் பள்ளமும் மரச்செறிவும் கொண்ட நிலப்பகுதியில் கோபுரத்தின் அலை வலுவிழக்கும்போது, கைபேசி தன் திறனை உயர்த்திக்கொள்கிறது. எனவே, அச்சத்தால் கோபுரத்தை ஊரைவிட்டு அகற்றினால், பேசுபவர் தலையருகே பெறும் அலை கூடவும் கூடும். அலை வலுவற்ற இடத்தில் நெடுநேரம் பேசாதிருத்தலும், காதொலிக் கருவியைப் பயன்படுத்தலும் எளிய காப்புகளாம்.

கோபுர அலையின் அளவை அறிய விரும்புவோருக்காக, தொலைத்தொடர்புத் துறை 2017இல் 'தரங் சஞ்சார்' இணையதளத்தைத் தொடங்கியது. கட்டணம் செலுத்தி அளவிடக் கோரவும் அதில் வழியுண்டு. அளவீட்டின் முடிவை மலையாளத்துடன் தமிழிலும் கிராம சபையில் விளக்குதல் அலுவலர்களின் கடமையாகும். அறியாமையால் எழும் எதிர்ப்பும், விளக்கமின்றித் திணிக்கப்படும் திட்டமும் வளர்ச்சிக்கு ஒருசேரத் தடையாகும்.