மரக் கோவிலின் எதிரி யார்?

ரஷ்யாவின் வடமேற்கில் கரேலியா என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள ஒனேகா ஏரியில் கீஷி என்று ஒரு சிறு தீவு. அதில் 1714-இல் கட்டிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இன்றும் நிற்கிறது. 37 மீட்டர் உயரம். அடுக்கடுக்காக ஏறும் 22 வெங்காய வடிவக் குமிழ்கள். எல்லாமே மரம்!

கட்டி முடித்ததும் நெஸ்தர் என்ற தச்சர் தன் கோடரியை ஏரிக்குள் வீசிவிட்டார், இதுபோல் இன்னொன்றை யாரும் கட்டக் கூடாதாம். இது ஊர்க்கதைதான். ‘ஓர் ஆணிகூட இல்லை’ என்ற பேச்சும் பாதிதான் உண்மை. சுவர்களில் ஆணி கிடையாது. பைன் மரத்தடிகளின் முனைகளில் பள்ளம் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவ்வ வைத்தார்கள். மேலே உள்ள எடை அழுத்த அழுத்தப் பிடி இறுகும். குமிழ்களைப் போர்த்திய சின்னச் சின்ன மர ஓடுகளுக்கு மட்டும் ஆணி அடித்தார்கள்.

பனியும் குளிரும் அல்ல, ஈரம்தான் மரத்தின் பெரிய எதிரி. ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். பூஞ்சை மரத்தைத் தின்னும். அதனால்தான் மழைநீர் நிற்காமல் வழிந்தோடும்படி ஓடுகளைச் செதுக்கினார்கள். அதையும் தாண்டிக் கசிகிற நீரைப் பிடித்து வெளியே தள்ள, உள்ளே இன்னொரு கூரை. எனக்கு 22 குமிழ்களைவிட, யார் கண்ணிலும் படாத இந்தக் கூரைதான் பெரிய சாமர்த்தியம்!

ஓடுகள் ஆஸ்பென் என்ற மரத்தில் செய்தவை. புதிதில் பொன்னிறம். மரத்துக்கு நிறம் தருவது லிக்னின் என்ற பொருள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்க, மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெள்ளி நிறம். யாரும் வண்ணம் பூசவில்லை.

இத்தனை செய்தும் நூற்றாண்டுகள் போகப்போக அடிப்பகுதித் தடிகள் உளுத்தன, கட்டடம் சாய்ந்தது. 1980-களில் உள்ளே இரும்புச் சட்டம் நிறுத்தித் தாங்கினார்கள். முழுதாகப் பிரித்துக் கட்டினால் எளிதுதான், ஆனால் அது பழைய கோவிலாக இருக்குமா? அதனால் வேறு வழி பிடித்தார்கள். ஜாக்கிகளால் மேல்பகுதியைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்திவிட்டு, கீழ் அடுக்கை மட்டும் கழற்றினார்கள். கெட்டுப்போன இடத்தை வெட்டி எடுத்து, அங்கே புது பைன் துண்டைப் பொருத்தி, திரும்ப அடுக்கினார்கள். பிறகு அதற்கு மேல் அடுக்கு. இப்படியே ஒவ்வொன்றாக ஏறி, வேலை 2020-இல் முடிந்தது.