திறந்து கிடக்கும் திரை

லுஹர் பாங்கு ஒலித்ததும் கல்லாப்பெட்டியைப் பூட்டாமல், கடையைப் பணியாளரிடம் விட்டுவிட்டுத் தொழச் செல்லும் வணிகர் எவரேனும் உண்டா? சாவியை மடியில் செருகிய பின்னரே அவர் படியிறங்குவார். ஆனால் அதே கடையின் மேசைமீது, வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் கொடுக்கல் வாங்கல் விவரங்களும் விரிந்து கிடக்க, கம்ப்யூட்டர் அரை மணி நேரம் ஆளின்றி ஒளிர்ந்துகொண்டிருக்கும். கல்லாவில் இருப்பது ஒரு நாள் விற்பனைப் பணம். திரைக்குப் பின்னால் இருப்பதோ ஆயுட்கால உழைப்பு!

'நாங்கள்தாம் கடவுச்சொல் வைத்திருக்கிறோமே' என்று நீங்கள் கேட்கக்கூடும். கடவுச்சொல் வாயிற்காவலன் மட்டுமே. நீங்கள் உள்ளே நுழைந்துவிட்ட பின் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் யார் வந்து அமர்ந்தாலும், கணிப்பொறியைப் பொறுத்தவரை அவர்தாம் நீங்கள். உங்கள் பெயரால் அவர் கடிதம் எழுதலாம். கைப்பேசியின் வாட்ஸ்அப் திரையிலும் திறந்திருந்தால் குடும்பத்தின் அந்தரங்கங்களைப் படிக்கலாம். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று வேறோர் இணையதளத்தில் சொன்னால், புதியதை அமைக்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது? திறந்து கிடக்கும் மின்னஞ்சல் ஒன்றே ஏனைய பூட்டுகள் பலவற்றுக்கும் சாவியாகிவிடும்.

அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாக்கும். போதைப்பொருள் விற்ற 'சில்க் ரோடு' என்னும் இரகசிய இணையச் சந்தையை நடத்தியவர் ராஸ் உல்பிரிக்ட். தம் மடிக்கணினியிலிருந்த அனைத்தையும் சங்கேத முறையில் பூட்டி வைத்திருந்தார். அது மூடப்பட்டுவிட்டால் திறப்பது அரிது என்பதைக் காவல் துறையினர் அறிந்திருந்தனர். 2013 அக்டோபர் 1 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் அவர் கணினியைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் இருவர் சண்டையிடுவதுபோல் நடித்தனர். அவர் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் மடிக்கணினி அதிகாரிகளின் கைக்கு மாறியது. அதிலிருந்த நாட்குறிப்பும் கணக்குகளும் 2015இல் அவருக்கெதிரான வழக்கில் சான்றுகளாயின. குற்றவாளி பிடிபட்டது நல்லதுதான். ஆனால் அத்தனை வலுவான பூட்டும் திறந்த திரையின்முன் பயனற்றுப் போனதைக் கவனியுங்கள்.

பூட்டுவதற்கு ஒரு நொடி போதும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். மேக் கணினியில் கண்ட்ரோல், கமாண்ட், 'க்யூ' ஆகிய மூன்றையும் அழுத்துங்கள். கணினியை அணைக்க வேண்டியதில்லை. பாதி எழுதிய கடிதம் அப்படியே இருக்கும். மறதிக்காரர்கள், சில நிமிடங்களில் திரை தானே பூட்டிக்கொள்ளும்படி அமைத்துவிடலாம். பலர் நம்பியிருக்கும் 'ஸ்கிரீன் சேவர்' பூட்டு அன்று. திரும்பும்போது கடவுச்சொல் கேட்கும்படி அமைத்தாலொழிய அது வெறும் அலங்காரத் திரைச்சீலைதான். கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைப்போரைப் பற்றி என்ன சொல்வது!

நம் சொந்த விவரங்கள் மட்டுமாயின் இழப்பு நம்மோடு போகும். ஜமாஅத் அலுவலகக் கணினியில் திருமணப் பதிவுகளும், உதவி கோரி வந்த ஏழைகளின் மனுக்களும், குடும்பப் பிணக்குகளின் குறிப்புகளும் இருக்கின்றன. அவை பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதங்கள். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும்படி அவற்றை விட்டுச் செல்ல நமக்கு உரிமை இல்லை.

'உடனிருப்போரை நம்பாமல் பூட்டுவதா?' என்று சிலர் மனம் சுளிக்கின்றனர். பூட்டாத திரையிலிருந்து ஒரு விவரம் வெளியே கசிந்துவிட்டால், அவ்வழியே நடந்த ஒவ்வொருவர் மீதும் அல்லவா ஐயம் படரும்? தேநீர் கொண்டுவந்த சிறுவனும் தப்ப மாட்டான். பூட்டிய திரை அவனுக்கும் பாதுகாப்பு. வீட்டில் பிள்ளைகளுக்கெனத் தனிக் கணக்கு அமைத்துக் கொடுத்தால், விளையாட்டாக எதையேனும் அழித்துவிட்டு அடி வாங்கவும் மாட்டார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென மரணித்துவிட, அவரது கணினியைத் திறக்க வழியின்றி மனைவி தவிக்கும் நிலை நேரலாம். வெளிநாட்டில் வேலை செய்வோர் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு இரும்பு அலமாரியில் வைத்து, மனைவியிடம் அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றும்போது உறையையும் மாற்றுங்கள்.