படிப்பகத்துக்கு வந்த நாய்!

"கதை படிக்கிறார்களாம், கதை! அதுவும் இயந்திர நாய் பேசுகிற கதை!"

இப்படிக் கேலி பேசியவர் மாற்று முகாமைச் சேர்ந்தவரல்லர், நம்மவர்தான். முப்பது ஆண்டுகளாகக் கொடி பிடித்துக் கை காய்த்தவர். "வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஆள் கிடைக்கவில்லை. பொன்மலையிலே பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறுதோறும் உட்கார்ந்து மாயக் கதை படிக்கிறீர்கள். இதுவா இயக்கப் பணி?" என்று கேட்டார். கேள்வியில் சூடு இருந்தது. ஓரளவு நியாயமும் இருந்தது. ஆகவே, கேலியைத் தள்ளிவிட்டுக் கேள்விக்கு விடை சொல்ல விரும்புகிறோம்.

இயக்கப் பணி எது, தோழர்களே? இந்த இயக்கம் மாளிகையிலே பிறந்ததா? மன்னர் கட்டிய மண்டபத்திலே வளர்ந்ததா? முடிதிருத்தும் நிலையத்தில், தேநீர்க் கடை விசிப்பலகையில், சைக்கிள் கடை வாசலில், கூரை வேய்ந்த படிப்பகத்தில் அல்லவா அது நடை பழகியது! ஒருவர் உரக்கப் படிப்பார், ஒன்பது பேர் கேட்பார்கள். 'விடுதலை' வந்துவிட்டதா, 'திராவிட நாடு' வந்துவிட்டதா, 'முரசொலி' வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால், அண்ணா தம்பிக்கு எழுதிய மடலிலே இந்த வாரம் என்ன சொன்னார் என்று கேட்டால், படித்தவனைவிடத் திருத்தமாகச் சொல்வார்கள். காதால் கற்றவர்கள் அவர்கள். கற்றதோடு விட்டார்களா? "நிறுத்து தம்பி, அந்த வரியை இன்னொரு தரம் படி" என்பார் ஒருவர். "அது எப்படிச் சரியாகும்?" என்பார் இன்னொருவர். படிப்பவர் நிறுத்துவார், வாதம் தொடங்கும், தேநீர் ஆறிப்போகும்.

இது நமக்கு மட்டுமே வாய்த்த பெருமை என்று மார்தட்டவும் வேண்டியதில்லை. கியூபா நாட்டுத் தலைநகர் ஹவானாவிலே சுருட்டுத் தொழிற்சாலைகள். 1865-ஆம் ஆண்டு, எல் ஃபிகாரோ என்ற தொழிற்சாலையில், சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்கள் தங்களுக்குப் படித்துக் காட்ட ஒருவரை அமர்த்திக்கொண்டார்கள். கூலி கொடுத்தவர் முதலாளி அல்லர். தொழிலாளிகளே தங்கள் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். மறு ஆண்டே, 1866-இல், ஸ்பெயின் நாட்டு ஆளுநர் அதைத் தடை செய்தார். படிப்பதைக் கண்டு அத்தனை அச்சம்! தடை நிலைக்கவில்லை. அலெக்சாந்தர் டூமா எழுதிய 'மாண்டி கிறிஸ்டோ' கதையில் சுருட்டுத் தொழிலாளர்கள் எவ்வளவு சொக்கிப்போனார்கள் என்றால், அந்தப் பெயரிலேயே பின்னாளில் ஒரு சுருட்டு வந்தது. இன்றும் விற்பனையாகிறது. அமெரிக்காவிலே தாம்பா நகரத்து முதலாளிகள் 1931-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? படிப்பவரை வெளியேற்றிவிட்டு வானொலிப் பெட்டியை வைத்தார்கள். வானொலியை நிறுத்தி எதிர்க்கேள்வி கேட்க முடியாதல்லவா! இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிற கைப்பேசி அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை என்று நாம் கருதுகிறோம்.

சரி, நாய்க்கு வருவோம்.

நாம் எடுத்துக்கொண்ட நூல், சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் தொடராகக் காட்டப்பட்டது. கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். எழுதியவருக்கு அது எங்கோ தொலைவில் இருந்த எதிர்காலம். நமக்கோ, ரேஷன் கடை வரிசையில் நின்று கழித்த காலம்! நாட்டை ஆள்பவர் ஜீவா. அவர் வைத்ததே சட்டம். பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பெயர் என்றால் இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி, மனோ. நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். ரவி கொண்டுவந்த ஜீனோ என்ற இயந்திர நாய் அவளுக்குத் துணையாகிறது. அந்த நாய் புத்தகம் படிக்கிறது, தோழர்களே! இட்ட வேலையைச் செய்யப் படைத்த பொறி, படிக்கப் படிக்கத் தானாகச் சிந்திக்கத் தொடங்கிவிடுகிறது. இந்த இடத்தை, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

முதல் வாரமே இரண்டு தடைகள் எழுந்தன.

"சீரங்கத்து அய்யங்கார் எழுதிய கதை நமக்கு எதற்கு?" என்பது முதல் தடை. கேட்டவர் கறுப்புச் சட்டைக்காரர், மூத்தவர். சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன் என்பதும், 1935-இல் சென்னையில் பிறந்து திருவரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர் என்பதும், திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தவர் என்பதும், மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக் கொண்டவர் என்பதும், 2008-இல் மறைந்தார் என்பதும் ஊரறிந்த செய்திகள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில், வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியிலே முன்னின்றவரும் அவரே. அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் நமக்கு உடன்பாடு என்பதில்லை. அதற்காகப் படிக்காமலே ஒதுக்குவதா? கம்பராமாயணத்தை எதிர்த்த அண்ணா, கம்பனைப் படிக்காமலா எதிர்த்தார்? பண்டிதர்களே வியக்கும் வண்ணம் படித்துவிட்டல்லவா மேடை ஏறினார்! "படித்துவிட்டுத் திட்டுங்கள், அண்ணே" என்றோம். பெரியவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு ஞாயிறுகூட வராமலிருக்கவில்லை.

இரண்டாவது தடை கனமானது. கல்லூரி மாணவி ஒருத்தி, நம் தோழர் ஒருவரின் மகள், கேட்டாள்: "புராணங்களைக் கட்டுக்கதை என்று சொல்லித்தானே மாமா நீங்களெல்லாம் இயக்கம் நடத்தினீர்கள்? இதுவும் கட்டுக்கதைதானே? அனுமார் மலையைத் தூக்கினால் சிரிக்கிறீர்கள், நாய் நாவல் படித்தால் கை தட்டுகிறீர்களே!"

சற்று நேரம் யாரும் பேசவில்லை. விடையைத் தேடி, அடுத்த ஞாயிறு சத்திரத்தில் பேருந்து மாறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்துக்கே போனோம். கதை எழுதியவர் விளையாடிய வீதிகளையும் பார்க்கலாம், படிப்பையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. 236 அடி உயர ராசகோபுரம், 1987-இல் குடமுழுக்கு நடந்தது. அதன் எதிரே தந்தை பெரியார் சிலை. 2006 டிசம்பரில் அங்கே சிலையை உடைத்தவர்களையும், அதே மாதத்தில் அங்கே சிலை எழுந்ததையும் மறந்தவர் நம்மில் யார்?

கோயிலுக்குள்ளே, தாயார் சன்னதிக்கு எதிரே ஒரு நாற்கால் மண்டபம் இருக்கிறது. கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்கிறார்கள். இரணியன் கதையைச் சேர்த்தது தவறு என்று புலவர்கள் மறித்தார்களாம். எதிரே இருந்த நரசிங்க உருவம் தலையசைத்து ஒப்புதல் கொடுத்ததாம். புலவர்கள் வாயடைத்துப் போனார்களாம்! பார்த்தீர்களா, பலர் கூடி ஒரு கற்பனைக் காவியத்தைக் கேட்கிறார்கள், ஒருவர் எழுந்து தடை சொல்கிறார். நம் படிப்பகத்தில் நடப்பது போலவேதான்! ஆனால் தடைக்கு விடை சொன்னது யார்? எழுதியவனா, கேட்டவர்களா? கல்!

ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர் ஒருவர் மண்டபப் படியில் துண்டை விரித்து உட்கார்ந்தபடி மாணவிக்குச் சொன்னார்: "அம்மாடி, சிங்கம் தலையாட்டியதை நம்பச் சொல்கிறார்கள். நம்பாதவனை ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். ஜீனோ தலையாட்டியதை நம்பு என்று யாரும் உண்டியல் வைக்கவில்லையே!"

நாம் நான்கு மேடையில் பேசியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கற்பனையை எதிர்த்ததா இயக்கம்? 1943-இல் சென்னையிலே ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்திலே நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா சொற்போர் புரிந்தது, கம்பனுக்குக் கற்பனை வளம் இல்லையென்று சொல்வதற்கா? அந்தக் கற்பனைக்குக் கற்பூரம் காட்டி, அதன் பேரால் ஒருவனை உயர்ந்தவன், மற்றவனைத் தாழ்ந்தவன் என்று வைப்பதை எதிர்த்தல்லவா! அண்ணாவே ஒரு மாயக் கதை எழுதியிருக்கிறாரே, மறந்துவிட்டோமா? 'நீதிதேவன் மயக்கம்' வேறு என்ன? விண்ணுலகிலே வழக்குமன்றம், இராவணன் தன் கட்சியைத் தானே பேசுகிறான், கம்பரைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறான். நடக்காத ஒன்று; நடந்ததாக யாரும் நம்பவும் வேண்டாம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவன், மறுநாள் பழைய இராமாயணத்தைப் பழைய காதால் கேட்கவில்லை.

இனி, நம்மைத் தூங்கவிடாத கட்டம். கதையை இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவேண்டும். ஜீவா, ஜீவா என்று நாடே நடுங்குகிறதே, அந்த ஜீவா என்றொரு மனிதனே இல்லை! ஒளியால் உண்டாக்கிக் காட்டப்படுகிற வெறும் உருவம். பின்னால் இருந்து ஆட்டுவிப்பவர்கள் வேறு. இதைப் படித்த அன்று படிப்பகமே இரைச்சலாகிவிட்டது. "நேரில் பார்க்காத ஒருவனுக்கு நாடே அடங்குமா?" என்றார் ஆட்டோ ஓட்டும் தோழர். "சாமியை எவன் பார்த்தான்? அடங்கவில்லையா?" என்றார் கறுப்புச் சட்டைப் பெரியவர். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அதே மாணவி கேட்டாள்: "நாற்பதடி உயரத்துக்குத் தலைவர்கள் படம் வைக்கிறோமே மாமா, மாலை போடுகிறோமே, அதற்கு என்ன பெயர்?"

அவளை அதட்ட ஒருவர் வாயெடுத்தார். நாம் தடுத்தோம். ஏனென்றால், கேட்கவேண்டிய கேள்வி அது. நடிகரின் படத்துக்குப் பால் ஊற்றுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற நமக்கு, நம் மாநாட்டுப் பந்தல் வாசலைப் பற்றிச் சிந்திக்கவும் கடமை உண்டு. தலைவர்பால் அன்பு வேண்டாம் என்பதல்ல. இதே திருச்சியில், 1956 மாநாட்டிலே, தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்ற கேள்வி வந்தபோது, "நான் சொல்கிறேன், கேள்" என்று அண்ணா ஆணையிட்டிருந்தால் மறுத்திருப்பவர் யார்? ஆனால் பெட்டி வைத்து, வந்திருந்தவர்களின் வாக்கைக் கேட்டார். நிற்கக்கூடாது என்று வாக்களித்தவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டியையும் நாற்பதடிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாள் அந்தப் பெண். பார்த்தோம். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. படம் வேண்டும் என்பாரும், வேண்டாம் என்பாரும் அன்று இரவு ஒன்பதரை வரை விடவில்லை, முடிவும் ஏற்படவில்லை.

நூலின் மீதும் நமக்குக் குறை உண்டு. அந்த ஃபிட்டர்தான் அதையும் பிடித்தார். பொன்மலைப் பணிமனை 1928-இல் வேலை தொடங்கியது. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே ஐந்து தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். அந்த மண்ணிலே வளர்ந்த மனிதரின் கண் வேறு எங்கே போகும்? "வீடெல்லாம் இயந்திரம், வீதியெல்லாம் இயந்திரம் என்கிறார் ஆசிரியர். பழுது பார்க்கிறவன் எங்கே? அவன் ஒருநாள் ஸ்பேனரைக் கீழே வைத்தால் ஜீவாவின் உருவம் எரியுமா, அணையுமா?" என்றார். புரட்சியை ஒரு பெண்ணிடமும் ஒரு நாயிடமும் கொடுத்த சுஜாதா, அதைத் தொழிற்சாலைப் பக்கம் கொண்டுவர ஏனோ நினைக்கவில்லை. பெண்ணிடம் கொடுத்தாரே, அதற்குப் பாராட்டு.

கேலி பேசிய நண்பருக்கு இன்னொரு செய்தி. வாக்காளர் பட்டியல் வேலைக்கு நம் படிப்பு வட்டத்திலிருந்து ஆறு பேர் போயிருக்கிறார்கள்; அந்த மாணவியும் ஒருத்தி. பட்டியலிலே பெயர் விட்டுப்போன வீடுகளைத் தெருத் தெருவாகக் குறித்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அடுத்த நூல் எது என்று சீட்டுப் போட்டுக் கேட்டோம். 'மீண்டும் ஜீனோ'வுக்கு ஐந்து, 'நீதிதேவன் மயக்க'த்துக்கு ஏழு. தோற்ற ஐவரும் அடுத்த முறை பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இடம்தான் சிக்கல். இதுவரை இரவலாகக் கிடைத்த கொட்டகை இனி கிடைக்காது. பக்கத்துத் தெருவில் நம் படிப்பகம் ஒன்று இருக்கிறது. கொடிக்கம்பம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, கதவில் பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறதென்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.