வண்டு பிடிக்காத டப்பா

மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அரிசியில் வண்டு விழுவது உண்டு. பெரும்பாலும் வண்டு வெளியிலிருந்து வருவதில்லை, அரிசியோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பெண் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் சிறு குழி பறித்து, அதில் ஒரு முட்டை வைத்து, குழியின் வாயைப் பசை போன்ற ஒன்றால் பூசி அடைத்துவிடும். அரிசி முழுசாகத்தான் தெரியும். முறத்தில் புடைத்தாலும் சல்லடையில் சலித்தாலும் அது அகப்படாது. புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி, மணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பயறு வண்டு இன்னும் முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வயலில் காய் முற்றும்போதே அது முட்டை வைத்துவிடும். தட்டைப்பயறின் மேல் குண்டூசித் தலையிலும் சிறிய வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால், முட்டை பொரிந்து புழு நேராக உள்ளே போய்விட்டது என்று பொருள்.

ஆகவே ஒரு டப்பாவுக்கு வேலை இரண்டு. வெளியே இருப்பதை உள்ளே விடக்கூடாது, உள்ளே இருப்பதைப் பெருகவும் விடக்கூடாது. கடையில் விற்கும் டப்பாக்களில் பல, முதல் வேலையைக்கூட அரைகுறையாகத்தான் செய்கின்றன.

எவர்சில்வர் சம்படத்தின் மூடி உலோகத்தோடு உலோகம் உரசி நிற்பது. ஓரிடத்தில் நசுங்கினாலே இடைவெளி விழும். மாவு வண்டு 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம்தான், உடலும் தட்டை. அதற்கு அந்த இடைவெளி போதும். திருகுமூடி பாதுகாப்பானது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் மூடிக்கும் வாய்க்கும் இடையே ரப்பர் வளையம் இல்லாவிட்டால், முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த அந்துப்பூச்சிப் புழு திருகுமரையின் வழியே சுற்றிச் சுற்றி ஊர்ந்து உள்ளே போய்விடும். ரவையில் நூல் கட்டுவது இந்தப் புழுவின் வேலை. அந்த மரையில் தங்கும் மாவே பூச்சிக்கு முதல் தீனி. எனவே நல்ல டப்பாவுக்கு அழுந்தி உட்காரும் ரப்பர் வளையம், துடைக்க எளிதான வாய், மூலை இல்லாத வளைந்த அடிப்பகுதி, உள்ளே நடப்பது தெரியும் கண்ணாடி அல்லது தடித்த பிளாஸ்டிக் சுவர் ஆகியவை வேண்டும். மெல்லிய பாலிதீன் பையை நம்ப முடியாது. தானியத் துளைப்பான் போன்ற வண்டுகள் அதைக் கடித்துத் துளைத்துவிடும்.

இரண்டாவது வேலைக்கு வழிகள் இரண்டு. ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதல் வழி காற்றை அடைப்பது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் லாரி மர்டாக் குழுவினர் ஆப்பிரிக்காவின் கேமரூனில் தட்டைப்பயறு உழவர்களுக்காக மூன்றடுக்குப் பை ஒன்றை உருவாக்கினார்கள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே ஒரு சாக்கு. மருந்து எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் பூச்சிகளே ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. அது குறைந்ததும் தின்பதை நிறுத்துகின்றன. உலர்ந்த தானியத்தில் வாழும் பூச்சி தனக்கு வேண்டிய தண்ணீரை உணவைச் செரித்துத்தான் பெறுகிறது, அதற்கும் ஆக்சிஜன் தேவை. ஆகவே மூச்சு முட்டுவதைவிட உடல் வறண்டே அது சாகிறது.

அடுப்படியில் இது அப்படியே பலிக்காது. தினமும் இரண்டு வேளை திறக்கும் டப்பாவில் ஆக்சிஜன் எப்படித் தீரும்? பாதி காலியான டிரம்மில் காற்றுதான் அதிகம். மாதச் சாமானைச் சிறு சிறு காற்றுப்புகா டப்பாக்களில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஒன்று தீர்ந்த பின் அடுத்ததைத் திறப்பது பலன் தரும். தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் வண்டுக்குப் பதில் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது வழி கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ். மோகன் உருவாக்கியது. தானியத்துக்குள் வண்டு ஓரிடத்தில் நிற்காது, அலைந்துகொண்டே இருக்கும். காற்றோட்டம் உள்ள பக்கம் நகரும். இந்தக் கலன் அந்தப் பழக்கத்தையே பொறியாக்குகிறது. பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், உள்பாத்திரத்தின் சுவர் முழுக்கச் சிறு துளைகள். அவற்றில் வண்டு நுழையும், மணி நுழையாது. காற்றைத் தேடித் துளை வழியே வந்த வண்டு இரண்டு சுவர்களுக்கும் நடுவே சறுக்கி, அடியில் உள்ள கிண்ணத்தில் விழுகிறது. மீண்டும் ஏறி வர முடியாது. மணிக்குள் இருக்கும் புழுவை இது தொடுவதில்லை. அது வண்டாகி வெளியே வந்ததும் பிடித்து, அடுத்த தலைமுறையைக் குறைக்கிறது. கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டுவது மட்டுமே வீட்டாரின் வேலை. எத்தனை பூச்சி விழுந்திருக்கிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். சாதாரண டப்பா இதைச் சொல்வதில்லை. பயறின் மேல் ஒட்டிய முட்டைகளை நசுக்க, துளையிட்ட கலனுக்குள் தூரிகை பொருத்திய தண்டைச் சுழற்றும் கருவி ஒன்றும் அங்கே உருவானது.

இந்த அறிவு பழைய வீடுகளிலும் இருந்தது. பானையில் பயறைக் கொட்டி, மேலே நாலு விரல் உயரத்துக்கு உலர்ந்த ஆற்று மணல் பரப்புவார்கள். மேலே வந்து முட்டை வைக்கும் பயறு வண்டுக்கு அந்த மணலே தடை. வசம்பும் வேப்பிலையும் இந்த அளவுக்கு உதவுவதில்லை. வாசம் இருக்கும் வரை வண்டை விரட்டலாம், மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

துளைக் கலன் மாவுக்கும் ரவைக்கும் ஆகாது, துளை வழியே எல்லாம் கொட்டிவிடும். அவற்றுக்குக் காற்றுப்புகா டப்பாதான் வழி. வாங்கியதும் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்கக்கூடாது, மாவில் ஈரம் கோத்துக்கொள்ளும். குளிர் முழுக்க விட்ட பிறகு பிரித்து, கழுவிக் காயவைத்த டப்பாவில் கொட்ட வேண்டும். அடியில் கிடக்கும் பழைய மாவின் மேலேயே புதியதைக் கொட்டினால் இத்தனையும் வீண்.