கொல்லி காவலனும் மரக்கலத்துப் பறவையும்

பெருமாள் திருமொழியின் இரண்டாம் பதிகத்து நிகமனத்தில் குலசேகராழ்வார் தம்மைக் 'கொல்லி காவலன்' என்கிறார். ஓரியிடமிருந்து சேரர் கைக்கொண்டதாகச் சங்க நூல்கள் பேசும் கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கொல்லியை நகரமாகக் கொள்வாரும் உளர். காவலன் என்பதன் பொருள் காப்பவன். ஆயினும் கோஷ்டியில் ஸேவிக்கும்போது அச்சொல் 'அரசன்' என்றே செவியில் விழுகிறது. காவற்செயல் நினைவுக்கு வருவதில்லை. அவ்வாழ்வாரே ஐந்தாம் பதிகத்தில், கடல் நடுவே கரை காணாமல் மரக்கலத்தின் கூம்பிற்கே மீண்டு வரும் பறவையாகத் தம்மை வித்துவக்கோட்டம்மானிடம் கூறும்போதோ, மனம் அங்கே நின்றுவிடுகிறது. இந்த வேறுபாடு எதனால்?

முக்யார்த்தம் பொருந்தாதபோது அதனோடு தொடர்புடைய வேறு பொருளைக் கொள்வது லக்ஷணை என்பர் நம் சாஸ்திரகாரர். முதலில் நேர்ப்பொருள், பிறகு தடை, அதன் பிறகு மறுபொருள் என்று இதைக் காலமுறையாகக் கொள்வோர் பலர். 1982இல் ஸாம் க்ளக்ஸ்பர்க்கும் உடனிருந்தோரும் இதையொத்த மேனாட்டுக் கொள்கை ஒன்றைச் சோதித்தனர். 'சில வேலைகள் சிறைகள்' போன்ற வாக்கியங்கள் சொல்லளவில் மெய்யா பொய்யா என்று மட்டுமே கேட்டனர். 'பொய்' எனச் சொல்லப் பங்கேற்றோர் தயங்கினர். வேண்டாதபோதும் உருவகப் பொருள் தானே எழுந்து குறுக்கிட்டது. இதனால் லக்ஷணை வீழ்ந்ததெனக் கருத வேண்டா. அது பொருளுக்கு நியாயம் கூறுவதேயன்றி, நாழிகைக் கணக்கன்று.

மூளையின் மின்னலைகளை அளந்தோர் கண்டதும் இதற்கு இயைகிறது. ஒரு சொல்லைப் படித்தபின் ஏறத்தாழ 400 மில்லி வினாடியில் உச்சம் பெறும் அலையொன்றை 1980இல் குட்டாஸும் ஹில்யார்டும் அறிவித்தனர். பொருத்த அரிய சொல்லுக்கு அது பெரிதாகும். உருவகச் சொல்லுக்கும் அதே அலை, அதே வேளையில், சற்றுப் பெரிதாக எழுகிறது. வழி ஒன்றே, உழைப்புத்தான் மிகுதி. உருவகம் மூளையின் வலப்பாதிக்கே உரியது என்று ஒரு காலத்தில் எண்ணினர்; இடப்பாதியும் பெரும்பங்கு கொள்வதைப் பிற்காலப் படப்பதிவுகள் காட்டின.

நமக்கு மிகப் பயன்படுவது 2011இல் ருத்விக் தேஸாய் முதலானோர் கண்டது. 'கருத்தைப் பற்றிக்கொண்டான்' என்பது போன்ற தொடர்களில், உருவகம் எவ்வளவு புதியதோ அவ்வளவு மிகுதியாக உடலியக்கத்திற்குரிய மூளைப்பகுதி கிளர்கிறது. பழகப் பழக அக்கிளர்ச்சி தணிகிறது. காவலன் என்னும் சொல்லில் காவல் மறைந்ததும், 'பிறவிக்கடல்' என்னும்போது நீரே தோன்றாததும் இவ்வகையினவே என்பது என் கருத்து.

உவமையை வியாக்யானங்கள் வேண்டுமளவிற்கு மேல் விரிப்பதாக இன்று சிலர் குறை கூறுகின்றனர். பொருள் விளங்கிய பின்னும் எதற்கு இவ்வளவு என்பது அவர்கள் கேள்வி. விளங்கும் விரைவே இங்கு இடையூறு என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பறவை எது, கலம் எது, காணாத கரை எது எனத் திருஷ்டாந்தத்தையும் தார்ஷ்டாந்திகத்தையும் உறுப்புறுப்பாகப் பொருத்தும்போது, பழகித் தேய்ந்த சொல் மீண்டும் கடலாகிறது. ஆய்வு வியாக்யானத்தை மெய்ப்பிக்கிறது என்று நான் சொல்லவில்லை. வியாக்யானத்திற்கு அச்சான்று தேவையுமில்லை.

இன்னொன்று. புதிய ஒப்பீட்டை உவமை வடிவிலும், பழகியதை உருவக வடிவிலும் கேட்கவே மக்கள் விரும்புவதாக 2005இல் பௌட்லும் கெண்ட்னரும் எழுதினர். ஐந்தாம் பதிகத்தில் ஆழ்வார் குழவி, நோயாளன், பறவை, தாமரை, பைங்கூழ் என்று அடுத்தடுத்து எடுப்பவை பெரும்பாலும் உவமைகளே.